பதினாலு அடிப் பழைய ஸ்பீட்போட்டுக்குப் புது எஞ்சின்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2023 தை மாதம், கல்முனையில் இருக்கும் கூட்டாளி ஒருவனிடம் 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சும்மா கிடந்தது. "கொண்டுபோய்ப் பூட்டிப் பார் மச்சான், பிடிச்சா காசு தா" என்றான். மூன்று பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கி மாட்டினோம். மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பக்கம் இறக்கியதும் போட் பின்பக்கமாகக் குந்திவிட்டது. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் வெட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளிகூட இல்லை. பக்கத்தால் போன மீன்பிடி வள்ளம் கிளப்பிய சின்ன அலையே உள்ளே வந்து என் காலை நனைத்தது. ஓடாமலேயே கரைக்கு இழுத்துக் கழற்றினோம்.

போட் என் பெரியப்பாவுடையது. 1960-களின் கடைசியில் வாங்கிய 14 அடி பைபர் போட், அதோடு வந்தது ஜோன்சன் 33 குதிரைவலு எஞ்சின். யுத்த காலத்தில் எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு வந்தபோது எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, போட்டை வாவிக்கு அக்கரையில் வவுணதீவில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் கவிழ்த்துவிட்டார்கள். 2004-இல் சுனாமி கடலோர நாவலடியைத் துடைத்தெடுத்த நாளிலும் அது அங்கேதான் கிடந்தது, அதனால் தப்பியது. ஜோன்சனைத் திரும்ப ஓட்டத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அதைச் செய்த கம்பனி 2000 டிசம்பரில் திவாலாகிவிட்டது. ஒரு சின்னச் சாமானுக்குக்கூட வெளிநாட்டில் யாரிடமாவது கெஞ்ச வேண்டும்.

அந்த நாலு விரல் பாடத்துக்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சின்னப் போட்டுகளுக்கு எத்தனை குதிரைவலு வரை பூட்டலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. போட்டின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். எனக்கு 14 × 5 = 70. பின்பலகை 20 அங்குல உயரமும் ஸ்டியரிங்கும் உள்ள போட் என்றால் இதை இரட்டித்து 90-ஐக் கழிக்கலாம், 50 குதிரைவலு வரும். பலகை அதைவிடக் குட்டை, அடிப்பாகம் தட்டையில்லை என்றால் 0.8-ஆல் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும். என் பலகை 15 அங்குலம். விடை 31. பெரியப்பா காலத்து ஆட்கள் 33 பூட்டியது சும்மா இல்லை.

சரி, 30 என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி பாரம். 30 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் 50 கிலோவை ஒட்டி வரும். நான்கு ஸ்ட்ரோக்கில் பாரம் குறைந்த மாதிரிகளே 60 முதல் 75 கிலோ. 40-க்குப் போனால் நான்கு ஸ்ட்ரோக் 100 கிலோவைத் தொடும். அந்தக் காலத்துப் போட்டுகள் ஐம்பது அறுபது கிலோவை மனதில் வைத்துக் கட்டியவை. என்னைக் கேட்டால் குதிரைவலுவைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. இங்கே மீன்பிடிக்கு அதுதான் ஓடுகிறது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மாற்ற வேண்டும். வருடக்கணக்காக மலிவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரேயடியாக 87 ரூபாவிலிருந்து 340-க்குப் போனதும் அந்த ஆசை விட்டுப்போயிற்று. இரண்டு ஸ்ட்ரோக் பாரம் குறைவு, யாரும் திருத்துவார்கள். ஆனால் பெற்றோல் கூடக் குடிக்கும், 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்ற முதுகுவலி இன்னும் ஞாபகம் இருந்தது. ஆகவே ஜப்பான் தயாரிப்பு, 30 குதிரைவலு, நான்கு ஸ்ட்ரோக். பெயரைச் சொன்னால் கதை கம்பனிச் சண்டையாகிவிடும், விடுங்கள்.

கடையில் 20 அங்குலப் பலகைக்குரிய நீளக்கால் எஞ்சின்தான் கையிருப்பில் இருந்தது. "கொஞ்சம் ஆழமா இருந்தா நல்லம்தானே" என்றார் விற்றவர். நல்லதில்லை. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு போட்டின் அடிமட்டத்தோடு ஒட்டி, மிஞ்சினால் ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். ஐந்து அங்குலம் கீழே தொங்கினால் வேகமும் போகும், நம்முடைய வாவியில் சேறும் கிளறும். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தானே. 15 அங்குலத்துக்காக ஆறு கிழமை காத்திருந்தேன்.

அந்த ஆறு கிழமையும் பின்பலகைக்குத்தான் போனது. வெளியே பைபர் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் அண்ணன் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். "டொக் டொக்" என்று வந்த சத்தம் நடுவில் "பொத்" என்றது. "மனே, உள்ளுக்கு உக்கிப் போச்சு" என்றார். துளை போட்டுப் பார்த்தால் ஈரமான கறுப்புத் தூள். உள்பலகையை முழுக்கச் சுரண்டி எடுத்து, இரண்டு மரைன் பிளைவூட் பலகைகளை எப்பொக்சியில் ஒட்டி, மேலே பைபர் போட்டோம். எஞ்சின் போல்ட் போகும் ஒவ்வொரு துளையின் உட்சுவரையும் எப்பொக்சியால் மூடினோம். இதைச் செய்யாமல் புது எஞ்சின் பூட்டுகிறவர்கள், எஞ்சினை வாவிக்கு நேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

பழைய கொன்ட்ரோல் பெட்டி, கேபிள் எதுவும் புது எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. ஸ்டியரிங் வயர் கயிறும் கப்பியுமாக இருந்தது, அதையும் மாற்றினோம். எஞ்சின் விலைக்கு மேல் இவ்வளவு போகும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பற்றரியை மட்டும் பின்னால் வைக்காமல் அணியப் பக்க ஆசனத்தின் கீழ் வைத்தேன். மொத்தப் பூட்டு வேலையில் எனக்குப் பிடித்த முடிவு அதுதான், போட் நேராக மிதக்கிறது.

இப்போது 212 மணித்தியாலம் ஓடியிருக்கிறது. முதலில் தனியே போனால் போன் ஜிபிஎஸ் மணிக்கு 42 கிலோமீற்றர் காட்டியது. நான்கு பேர் ஏறினால் போட் தண்ணீருக்கு மேலே எழும்பவே இல்லை, முழு வேகத்திலும் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 4,800-ஐத் தாண்டவில்லை. கையேடு 5,000 முதல் 6,000 வரை கேட்கிறது. எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பிழை புரொப்பெல்லரில். பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தை, 12 அங்குலத்திலிருந்து 10 ஆக்கியதும் 5,200-க்கு வந்துவிட்டது. ஒரு அங்குலம் குறைத்தால் கிட்டத்தட்ட 200 சுற்றுக் கூடும். தனியே போகும்போது ஐந்தாறு கிலோமீற்றர் வேகம் குறைந்தது, பரவாயில்லை.

தொல்லை கொடுத்தவை இரண்டு. ஒன்று தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல். முகத்துவாரப் பக்கம் போய் வந்த ஒரு நாளில் அறுந்த வலைத்துண்டு சிக்கியது. மேலே தெரிந்ததை வெட்டி எறிந்துவிட்டு மறந்துவிட்டேன். புரொப்பெல்லரின் பின்னால் ஒரு சுற்று மிஞ்சியிருந்து சீலை அறுத்துவிட்டது. மாரியில் கியர் ஒயிலை இறக்கினால் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, தண்ணீர் கலந்துவிட்டது. சீல் வர இரண்டு மாதம். இப்போது மாதம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கிறேன்.

மற்றது முழுக்க என் பிழை. எஞ்சினைக் கழற்றி லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் கைக்கு வந்த பக்கமாகப் படுக்க வைத்தேன். நான்கு ஸ்ட்ரோக்கை, கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டுமே படுக்க வைக்கலாம். ஒயில் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்த நாள் வாவிக்கரையே புகைமூட்டம். அண்ணன் பிளக்கைக் கழற்றித் துடைத்தபடி, "மறுகா இப்பிடிச் செய்யாத மனே" என்பதோடு விட்டார்.

மற்றபடி பராமரிப்புச் சுலபம். 20 மணித்தியாலத்தில் முதல் ஒயில் மாற்றம், பிறகு 100-க்கு ஒருமுறை. உவர்த் தண்ணீரில் ஓடி வந்தால் பரலில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுவேன். மேல் வாவிப் பக்கம் ஆற்றுவாழைக்குள் (ஆகாயத்தாமரை) போனால் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் அடைபடும். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

போன பறுவத்துக்கு, முழுநிலவில், பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தடிக்குப் போனேன். தண்ணீருக்கடியிலிருந்து வரும் பாடும் மீனின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றால் எந்த எஞ்சினையும் நிறுத்தத்தான் வேண்டும். பெரியப்பா துடுப்புத் தண்டைத் தண்ணீரில் விட்டு, மேல்நுனியைக் காதில் வைத்துக்கொண்டார். கேட்டதா இல்லையா என்று சொல்லவில்லை. திரும்பும்போது, "சத்தம் இல்லாட்டி ஓடுறமா நிக்கிறமா எண்டு எப்பிடி மனே தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜோன்சன் இப்போதும் கொட்டிலில் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கிறது. விலை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். பெரியப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.