பெருமாள்மலையிலிருந்து மூன்று வருட டிராகன் சவாரி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமின் டிராகன்ஃபிளைட் விரிவாக்கம் 2022 நவம்பர் கடைசியில் வந்தது. வந்த வாரத்திலேயே முதல் டிராகன் கிடைத்துவிட்டது. கிடைத்த பத்தாவது நிமிடம் அதைப் பாறையில் மோதினேன். அப்புறம் ஒரு மாதம் மோதிக்கொண்டேதான் இருந்தேன். இப்போது ஓரளவு பறக்க வருகிறது. வாங்கிய சூட்டில் எழுதாமல், பழகிய பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இந்த கேமில் பறப்பது 2007-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய பறத்தலை என்னால் பறத்தல் என்றே சொல்ல முடியாது. பட்டனை அழுத்தினால் மேலே போகும், விட்டால் அந்தரத்தில் நிற்கும். லிஃப்டில் போவது மாதிரி. அந்தரத்தில் நிறுத்திவிட்டு டீ போட்டு வந்தாலும் அங்கேயே இருக்கும்.

டிராகனுக்கு அது நடக்காது. அதற்கு எடை உண்டு. மவுஸின் வலது பட்டனைப் பிடித்து மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும், நிமிர்த்தினால் குறையும். இறக்கை அடிக்க 'விகர்' வேண்டும். தெம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கியபோது மூன்று தெம்புதான். முன்னால் பாய ஒன்று, மேலே எழும்ப ஒன்று என்று செலவாகிவிடும். சமதரையிலிருந்து கிளம்பினால் எடுத்த எடுப்பிலேயே ஒன்று போய்விடும். மலை முகட்டிலிருந்து குதித்து இறக்கையை விரித்தால் செலவே இல்லை. ஆக, உயரம்தான் கையிருப்பு. மலையில் வளர்ந்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மலையில் வளர்ந்ததே எனக்கு வினையாகிவிட்டது. அப்பா இருபது வருடம் கொடைக்கானல்-வத்தலகுண்டு ரோட்டில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தபோது அவர் சொன்ன முதல் பாடம், "எந்த கியர்ல ஏறுறியோ அதே கியர்ல இறங்கணும்டா. இறக்கத்துல வண்டிய விட்டுட்டா அப்புறம் அது உன் பேச்சு கேக்காது." அந்தப் பழக்கத்தோடு டிராகனில் உட்கார்ந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் கை தானாக மூக்கைத் தூக்குகிறது. வேகம் செத்துவிடும், அடுத்த முகட்டை எட்ட முடியாது, தெம்பும் தீர்ந்துவிடும். இங்கே இறக்கத்தில் விட்டே தீர வேண்டும். போதுமான வேகத்தில் போகும்வரை பறக்கும்போதே தெம்பு ஊறிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போனால் ஊறாது. தரையிறங்கி உட்கார்ந்துதான் ஊறவைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கைக்கு வந்த பிறகு நான் செய்வது இதுதான். இரண்டு தெம்பை அடுத்தடுத்துச் செலவழித்து ஒரேயடியாக உயரம் எடுப்பேன். பிறகு செங்குத்தாக விழாமல் மூக்கை லேசாகத் தாழ்த்தி நீளமாகச் சறுக்குவேன். சறுக்கி முடிப்பதற்குள் செலவானது திரும்பி வந்திருக்கும். திறமையைக் கூட்டிக்கொண்டால் சுழன்றபடி முன்னால் பாயும் வித்தையும் கிடைக்கும். அதற்குத் தெம்பு செலவில்லை, முப்பது வினாடி காத்திருந்தால் போதும். பழைய முறையில் உச்ச வேகம் 310 சதவீதம். இதில் நன்றாகச் சறுக்கினால் 800-ஐத் தாண்டும்.

திறமையைக் கூட்ட, வானத்தில் ஆங்காங்கே தொங்கும் 'கிளிஃப்' (glyph) என்ற சின்னங்களைப் பறந்துபோய்த் தொட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் நான்கு நிலப்பகுதிகளிலும் சேர்த்து 48 இருந்தன. அவற்றில் தால்ட்ராஸஸ் மலைகளுக்கு மேலே டைர்ஹோல்ட் கோபுரத்தில் இருக்கும் கிளிஃபுக்குத்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே கொடுத்தேன். அப்போது என்னிடம் நான்கே தெம்பு. நேராக ஏறிப் பார்த்தேன், பாதியில் தீர்ந்தது. கடைசியில் விளிம்பு விளிம்பாகத் தொற்றி நின்று, ஊறவைத்து, அடுத்த விளிம்புக்குத் தாவி மேலே போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்து வெள்ளகவி மலைக்கிராமத்துக்காரர்கள் சுமையோடு ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்குவார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். இப்போது ஆறு தெம்போடு ஒரே மூச்சில் போய்விடுகிறேன், அதில் ஒன்றும் இல்லை.

குறைகளும் உண்டு. வளையங்களுக்குள் நுழைந்து போகும் ரேஸில் தங்கப் பதக்கம் வாங்க அரை வினாடி தவறினாலும் போச்சு. நான் ஆடும் சர்வர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து இணைய லைன் எப்படி இருக்கும் என்று மேல்மலைக்காரர்களுக்குத் தெரியும். வளையத்துக்குள் நான் போய்விட்டேன், ஆனால் சர்வர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது அடிக்கடி நடக்கும். லேப்டாப் டச்பேடில் முயற்சியே செய்யாதீர்கள்.

அப்புறம் தலைசுற்றல். பின்னால் நின்று பார்த்த தங்கச்சிக்கு இரண்டே நிமிடத்தில் குமட்டிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வளர்ந்த பிள்ளை அவள்! செட்டிங்ஸில் வேக எஃபெக்ட்டுகளைக் குறைக்கவும், சுற்றியுள்ள நிலப்பரப்பைக் கொஞ்சம் இருட்டாக்கவும் வழி இருக்கிறது. அதைச் செய்தபின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை காற்றுதான். கோக்கர்ஸ் வாக்கில் காலையில் நின்று பாருங்கள். சமவெளியிலிருந்து வரும் காற்று பாறையில் மோதி மேலே எழும். பருந்து அதில் ஏறி ஒரு தடவைகூட இறக்கை அடிக்காமல் நம் தலைக்கு மேலே போய்விடும். கேமில் மலைச்சரிவு ஏறும் அந்தக் காற்று இல்லை. எவ்வளவு பெரிய மலையாக இருந்தாலும் டிராகனுக்கு அது வெறும் சுவர். இவ்வளவு யோசித்தவர்கள் இதை விட்டுவிட்டார்களே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

2024-இல் இந்த முறையை ஸ்கைரைடிங் என்று பெயர் மாற்றி கேம் உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். பழைய லிஃப்ட் முறைக்கும் மாறிக்கொள்ளலாம். மூலிகை பறிக்க வசதி என்று ஒருமுறை மாற்றினேன். அன்று சாயங்காலமே திரும்பிவிட்டேன்.

போன மாதம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் பார்த்தார். "இதுக்குப் பிரேக்கே கிடையாதாடா?" என்றார். இறக்கையைப் பின்னால் அடித்துக் காற்றிலேயே வேகத்தைக் குறைக்கும் பட்டனைக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மலை வளைவிலும் "அமுக்கு, அமுக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.