லாரியில் ஏற்றிய பிறகு விலை மாறும்: வீடு மாறுபவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் ஆவணியில் வீடு மாறத் திட்டமிட்டிருப்பவர்கள், குறிப்பாகப் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கியிருக்கும் இளம் தம்பதிகள், இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மே மாதக் கடைசியில் ஈசூனிலிருந்து தெங்காவுக்கு வீடு மாறினோம். 450 வெள்ளி என்று பேசி வந்தவர்கள், எங்கள் சாமான் முழுவதையும் லாரியில் ஏற்றி முடித்த பிறகு 1,080 வெள்ளி கேட்டார்கள். கட்டாவிட்டால் இறக்க மாட்டோம் என்றார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, எங்கள் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, அதை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் நீங்கள் தப்பிக்க முடியும்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் எல்லாமே ஒன்றாக வந்து சேர்ந்தன. மே மாதம் என் தம்பிக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டமளிப்பு. ஜூலையில் என் நாத்தனாருக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு. என் கணவர் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பெண் அவள். இந்த நேரத்தில்தான் வீட்டுச் சாவியும் கிடைத்தது. வைகாசிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பதில் அத்தை உறுதியாக இருந்தார். ஆனியும் ஆடியும் ஆகாது, விட்டால் ஆவணிதான். வாடகை வீட்டு ஒப்பந்தமோ மே மாதத்தோடு முடிகிறது. கடைசியில் வியாழக்கிழமை வீடு மாறுவது, வெள்ளிக்கிழமை காலை தம்பியின் விழா, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. இப்படி நாள் நெருக்கடியில் சிக்கிய குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அந்த நெருக்கடியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

இணையத்தில் விளம்பரம் பார்த்துச் சில இடங்களில் விலை கேட்டோம். மற்றவர்கள் 600, 700 வெள்ளி என்றார்கள், வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் சரியான விலை சொல்வோம் என்றார்கள். எங்களை ஏமாற்றிய இந்த முதலாளி மட்டும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும் என்றார். ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அனுப்பினேன். கட்டில், மூன்று கதவு அலமாரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தூக்கிப் போட வேண்டிய பழைய சோபா, சாமி அலமாரி, ஏறக்குறைய முப்பது அட்டைப்பெட்டி என்று பட்டியலும் எழுதி அனுப்பினேன். “எல்லாம் சேர்த்து 450, ஓகேவா சிஸ்டர்?” என்று பதில் வந்தது. முன்பணம் 100 வெள்ளி.

நல்ல தமிழில், பணிவாகப் பேசினார். ஏன் அந்த நாளே வேண்டும் என்று விசாரித்தார். மறுநாள் தம்பிக்குப் பட்டமளிப்பு என்று என் கணவர் சொன்னதும், “ரொம்ப சந்தோஷம் பிரதர், நம்ம பிள்ளைங்க படிச்சு மேல வரணும். தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க” என்றார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வாழ்த்தோடு எங்கள் அவசரத்தையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு லாரி வரவில்லை. காலை ஒன்பது மணி என்றது மதியமாயிற்று. தாமதமாக வருவதும் தந்திரத்தில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மாலையில் வேறு ஆள் தேட உங்களுக்கு நேரம் இருக்காது. வந்த ஊழியர்கள் மூவரும் பாவம், நன்றாக உழைத்தார்கள். குடிக்கத் தண்ணீர்கூட அவர்களிடம் இல்லை, நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம். தம்பியின் அங்கியும் தொப்பியும் இருந்த பையைத் தனியாகக் கதவோரம் வைத்து, இதை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சாமான் குவிந்த வேகத்தில் அதுவும் லாரிக்குள் போய்விட்டது.

தெங்காவில் புளோக் கீழே லாரி நின்றதும் பின்கதவைத் திறக்கவில்லை. ஊழியர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். முதலாளி பேசினார். கட்டில், அலமாரி கழற்றியதற்கு 150. லாரியிலிருந்து லிஃப்ட்வரை தள்ளும் தூரம் அதிகம் என்று 120. சோபாவை அப்புறப்படுத்த 180. பெட்டிகள் அதிகம் என்று 180. முன்பணம் போக 980 வெள்ளி உடனே வேண்டும். பேநவ்வில் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) அனுப்பினால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும், ரொக்கமாகக் கொடுத்தால் சேராது என்றும் சொன்னார்.

படமும் பட்டியலும் அனுப்பித்தானே விலை பேசினோம் என்று கேட்டோம். “படத்துல எல்லாம் தெரியாது சிஸ்டர். உங்களுக்கு நாளைக்கு ஃபங்ஷன் இருக்குல்ல, ஏன் பிரச்சினை பண்ணிக்கிறீங்க?” என்றார். போன் எடுத்து வந்த ஊழியர் தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா, எங்க கையில ஒண்ணுமில்லக்கா” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. போலீசைக் கூப்பிடுவோம் என்றதற்கு முதலாளி அசரவில்லை. இது பணத் தகராறு, போலீஸ் வந்தாலும் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள் என்றார். இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை அவன் போட வேண்டிய அங்கி, பூட்டிய லாரிக்குள் இருந்தது.

பணத்தைக் கட்டினோம். ஆனால் ரொக்கம் தர என் கணவர் உறுதியாக மறுத்துவிட்டார். பேநவ்வில் அனுப்பி, குறிப்பில் “எதிர்ப்புடன் கட்டுகிறோம், பேசிய விலை 450” என்று எழுதினார். பூட்டியிருந்த லாரியையும் அதன் பதிவெண்ணையும் படம் பிடித்தார். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். ஜிஎஸ்டி பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. சாமான் இறங்கியபோது சாமி அலமாரியின் கண்ணாடி உடைந்திருந்தது. 180 வெள்ளி வாங்கிக்கொண்டு அப்புறப்படுத்தியதாகச் சொன்ன சோபா, ஈசூனில் பழைய புளோக்கின் லிஃப்ட் பக்கத்திலேயே கிடப்பதாகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மறுநாள் படம் அனுப்பினார்.

விழா நன்றாக நடந்தது. தம்பி மேடை ஏறியபோது அம்மா அழுதார். அந்த நாளை அந்த ஆள் கெடுக்கவில்லை, அதில் எனக்கு நிம்மதி.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்க, இந்த ஆள் சொன்னதில் எத்தனை பொய் என்று தெரிந்தது. முதலில் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த வணிகம் மட்டும்தான் அதை வசூலிக்க முடியும், வணிகம் பதிவு செய்ததா என்று வரி ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பேநவ், ரொக்கம் என்று கட்டும் விதத்தைப் பொறுத்து வரி மாறாது. ரொக்கம் கேட்பது தடயம் இல்லாமல் போகத்தான். அடுத்து சோபா. பெரிய சாமான்களை எடுத்துப் போக நகர மன்றத்தைக் கேட்டாலே போதும். பல நகர மன்றங்கள் மாதத்துக்கு மூன்று பொருள்வரை இலவசமாகவே எடுத்துப் போகின்றன. போன் செய்து நாள் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமானது சட்டம். இங்கே பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2003 என்று ஒன்று இருக்கிறது. முதலில் சொன்ன மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிக விலை வசூலிப்பதை அது நியாயமற்ற வணிகச் செயல்களில் ஒன்றாகவே பட்டியலிடுகிறது. கூடுதல் விலைக்கு நீங்கள் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் மட்டும் விலக்கு. சாமானைப் பூட்டி வைத்துக்கொண்டு வாங்கும் சம்மதம் எப்படி முன்கூட்டிய சம்மதம் ஆகும்? இந்தச் சட்டம் அன்று மாலை தெரிந்திருந்தால் போனிலேயே அதைச் சொல்லியிருப்போம். இதைப் படிக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை அழைத்தோம், எண் 6277 5100. பொறுமையாகக் கேட்டு, ஆவணங்களை எப்படித் தொகுக்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள். பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் புகார் பதிவு செய்தோம். இதற்குப் பலர் பயப்படுகிறார்கள், பயமே வேண்டாம். 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே அனுமதி கிடையாது, அந்தப் பக்கமும் வைக்க முடியாது. கூடுதலாக வாங்கிய 630 வெள்ளியையும் கண்ணாடி மாற்றிய செலவையும் கேட்டிருக்கிறோம்.

எங்களுக்கு அதிகம் உதவியது அந்த வாட்ஸ்அப் பட்டியல்தான். என்னென்ன சாமான், எத்தனை பெட்டி, “எல்லாம் சேர்த்து 450” என்ற பதில், எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. ஆகவே போனில் விலை பேசினாலும், பேசியதை உடனே எழுதி அனுப்பி அவரிடம் எழுத்திலேயே “சரி” வாங்குங்கள். கழற்றுவது, மாட்டுவது, தள்ளும் தூரம், படிக்கட்டு, பழைய சாமான் எல்லாம் அதில் அடக்கமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து விலை சொல்கிறவர்கள் 200 வெள்ளி அதிகம் கேட்டாலும் அவர்களிடமே போங்கள். முன்பணம் அனுப்பும் முன், நிறுவனத்துக்கு அரசாங்கம் தரும் யூஇஎன் பதிவெண்ணைக் கேளுங்கள். நிறுவனப் பதிவுகளுக்கான அரசாங்கத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த நிறுவனம் இன்னும் செயல்படுகிறதா என்று காசில்லாமல் தேடலாம். பேநவ்வை அந்த யூஇஎன்னுக்கே அனுப்புங்கள். தனி ஆளின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் அங்கேயே விலகிவிடுங்கள். எங்களுக்கு இப்போது இருக்கும் பெரிய தலைவலியே, பணம் வாங்கிய பெயரும் விளம்பரத்தில் இருந்த பெயரும் வேறு வேறாக இருப்பதுதான்.

மறுநாள் உங்களுக்கு என்ன விசேஷம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தேதியை மட்டும் சொல்லுங்கள், காரணம் வேண்டாம். அங்கி, தாலி, கடப்பிதழ், மருந்து, பால் காய்ச்சும் பாத்திரம் எல்லாம் உங்கள் டாக்சியில் உங்களோடு வரட்டும்.

நடுவர் மன்றத்தில் ஆலோசனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், போகிறோம். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்து, புகார் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தால் என்னைக் கேளுங்கள். படிவத்தில் நாங்கள் என்னென்ன எழுதினோம், எந்தெந்தப் படங்களை இணைத்தோம் என்று காட்டுகிறேன்.