“கேஸ் குறைஞ்சிருக்கு” என்றால், எத்தனை கிராம் என்று கேளுங்கள்

கார் ஏசியில் சூடான காற்று வருகிறது என்று சொன்னதுமே, பானெட்டைக்கூடத் திறக்காமல் “கேஸ் குறைஞ்சிருக்கு சார்” என்று ஒருவர் சொன்னால் அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். என் காரில் கேஸ் குறையவே இல்லை. இரண்டு தடவை ஏற்றிப் பணம் வாங்கினார்கள். மூன்றாவதாக, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்கள். பழுது கம்ப்ரஸரிலும் இல்லை.

கோளாறு இதுதான்: வண்டி ஓடிக்கொண்டிருந்தால் நன்றாகக் குளிரும், சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் வெதுவெதுவென்று காற்று வரும், கிளம்பினால் மறுபடி குளிரும். இதை அந்த ஒர்க்‌ஷாப்பில் போன உடனேயே சொன்னேன். விவரம் தெரிந்தவருக்கு இதுவே போதும். ஓடும்போது எதிர்க்காற்று, காரின் முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் சூட்டை எடுத்துவிடுகிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அப்படியென்றால் முதலில் ஃபேனைத்தானே பார்க்க வேண்டும்? அங்கிருந்த மெக்கானிக் அழுத்தம் காட்டும் கேஜைத்தான் எடுத்து வந்தார்.

அந்தக் கேஜ் காட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. அழுத்தம் குறைந்த பக்கத்தில் நீலக் குழாயையும் அழுத்தம் கூடிய பக்கத்தில் சிவப்புக் குழாயையும் மாட்டினார். “பாருங்க சார், சிவப்பு முள்ளு 200-ஐத் தாண்டணும், 90-லயே நிக்குது.” இன்ஜின் அணைந்திருந்தது! இன்ஜின் ஓடாதபோது இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) அழுத்தம் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை பாதி இருந்தாலும் அதே அளவுதான், முழுதாக இருந்தாலும் அதே அளவுதான். அதாவது அந்த முள்ளை வைத்துக் கேஸ் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. “குறைஞ்சது எங்கே போச்சு?” என்று கேட்டேன். “கேஸ்னா ஆவியாத்தானே சார் போகும்” என்றார். ஏசி மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதற்கு அதில் ஒன்றுமில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவைத் தேடாமல் ஏற்றுவது வீண் செலவு.

ஏற்றினார்கள். சிக்னலில் அதே சூடு. மறுபடி போனபோது “செட் ஆகலை” என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி, அதற்கும் பில் போட்டார்கள். அதற்கப்புறம் ஓடும்போதுகூடக் குளிரவில்லை. கம்ப்ரஸர் சில நொடி ஓடி ‘டக்’கென்று நின்றுவிடும். உடனே தீர்ப்பு வந்துவிட்டது: “கம்ப்ரஸர் போயிடுச்சு சார், நல்ல வேளை இப்பவே தெரிஞ்சுது.” பிசுக்குப் பிடித்த ஒரு பழைய கம்ப்ரஸரைக் கொண்டுவந்து காட்டி, உங்களுடையதும் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்தவர் ஏசி வேலை மட்டுமே செய்கிற பெரியவர். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, முன்னால் போய் நின்றார். “ஃபேன் சுத்தலையேப்பா.” அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. ஃபியூஸ் சரியாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலேயைப் பார்த்தார். ஹாரன் ரிலேயும் அதே ரகம் என்பதால் அதைக் கழற்றி ஃபேன் இடத்தில் செருகிப் பார்த்தார், அப்போதும் சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்து மோட்டாரை ஒரு குச்சியால் லேசாகத் தட்டினார். இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் பிரஷ் தேய்ந்திருந்தது.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்த இடம். ஃபேன் மாற்றியபின் பழைய கேஸை முழுக்க மெஷினில் உறிஞ்சி எடுத்தார். அந்த மெஷின் எடுத்ததை எடைபோட்டுக் காட்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 480 கிராம் என்று இருக்கிறது. மெஷினில் 700-க்கு மேல் வந்தது. நிரம்பிய சிஸ்டத்தின் தலையில் மேலும் மேலும் ஏற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மீறினால் குளிர்ச்சி அதிகமாகிவிடாது. கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் எகிறி, கம்ப்ரஸர் வெடிக்காமல் இருக்க பிரஷர் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். “கம்ப்ரஸர் போயிடுச்சு” என்று அவர்கள் காட்டியது இந்தப் பாதுகாப்பைத்தான். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி அரை மணி நேரம் வேக்குவம் போட்டு, முள் ஏறாமல் நிற்கிறதா (ஏறினால் கசிவு) என்று பார்த்து, எடைபோட்டு 480 கிராம் ஏற்றினார். அதே கம்ப்ரஸர்தான் இன்றும் ஓடுகிறது.

நிஜமாகவே கேஸ் குறைகிற வண்டிகளும் உண்டு. கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கசிகிற இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருக்கும். குளிர்ச்சி இருந்தும் காற்று மட்டும் மந்தமாக வந்தால் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுட்டால் டேஷ்போர்டுக்குள் காற்றுப் பாதையை மாற்றும் மடலைத் திருப்பும் சின்ன மோட்டாராக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கேஸ் மருந்தல்ல. புதிய கார்களில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் வருகிறது, லேபிளைப் பார்க்காமல் எதையும் ஏற்றவிடாதீர்கள். எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு ஏற்றினீர்கள் என்று கிராமில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற இடத்தில் எடைபோடும் மெஷினே இருக்காது என்பது என் சந்தேகம்.

மெஷின் தந்த சீட்டோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சீட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. “அடுத்த தடவை வாங்க சார், ஃப்ரீயா கேஸ் போட்டுத் தர்றோம்” என்றார்கள்.