நாலு வருடச் சந்தாவும் சாம்பல் நிறப் பாட்டுகளும்

பாட்டுச் செயலியின் குடும்பச் சந்தாவை விலை குறைத்திருக்கிறார்கள், எடுக்கலாமா என்று போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். அதே செயலிக்கு நான் 4 வருடமாகக் காசு கட்டிவருகிறேன். விளம்பரம் வராது, ஒலித்தரம் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் அப்பாவின் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாட்டு வேண்டும். அந்தக் காலத்தில் பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து கேசட்டாக வாங்கிவருவார். அந்தத் தாள்களை வைத்துத்தான் செயலியில் 140 பாட்டுகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் ஹெட்போன் மாட்டியவர் நடுவில் கழற்றிவிட்டு, "இந்த பேஸ் கிடார் இத்தனை நாள் எங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்டார். முப்பது வருடமாக கேசட்டின் இரைச்சலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கே 4 வருடப் பணமும் தகும்.

ஆறு மாதம் போனது. பட்டியலில் 3 பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. தொட்டால் 'இப்போது கிடைக்கவில்லை' என்று மட்டும் வரும். நேற்று வரை அப்படி 23 இருந்தன. பதிவிறக்கி வைத்திருந்தவையும் போய்விட்டன. சில பாட்டுகள் வேறொரு தொகுப்பின் பெயரில் திரும்பி வந்திருக்கின்றன, ஆனால் பட்டியலில் பழைய சாம்பல் வரிதான் நிற்கும். நானே தேடி எடுத்து மாற்ற வேண்டும். ஒருமுறை அப்படித் தேடி எடுத்தது யாரோ புதிதாகப் பாடிய பதிவு. இரண்டாவது வரிக்குள் அப்பா, "இது ஜானகி இல்லப்பா, நிறுத்து" என்று சொல்லிவிட்டார்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உரிமையாளரின் முடிவு என்று பதில் வந்தது. அது பொய்யும் இல்லை. செயலிக்காரர்கள் பாட்டை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். 2019இல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே சரிகம நிறுவனம் நீதிமன்றம் போனது. அவர்களுடைய பாட்டுகளை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஒப்பந்தம் ஆனபிறகுதான் திரும்பி வந்தன. சரிகம என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் எச்.எம்.வி. என்று சொல்வார்களே, அந்த நாய்ப்படக் கம்பெனிதான். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் பேச்சு முறிந்தால், நடுராத்திரியில் பாட்டை இழப்பது கேட்கிறவன்.

உரிமையாளர் என்றால் பாட்டைப் போட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கூலி கொடுத்துப் பாட்டுப் போடச் சொன்ன படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு விற்றுவிடுவார். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான். இசைத்தட்டும் கேசட்டும் மட்டும் இருந்த காலத்தில் போட்ட கையெழுத்து, செல்போனில் ஓடும் பாட்டுக்கும் செல்லுமா? இளையராஜாவுக்கும் ஆடியோ நிறுவனங்களுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நடந்த வழக்குகளில் இந்தக் கேள்வியும் உண்டு. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மெட்டுப் போட்டவர் பக்கம்தான்.

அப்புறம், நான் கட்டும் பணம். அப்பா கேட்பது பழைய பாட்டு மட்டும், அதனால் அது பழைய பாட்டுக்காரர்களுக்குப் போகும் என்று நம்பியிருந்தேன். இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் அப்படிப் பிரிப்பதில்லை. எல்லோர் பணத்தையும் ஒரே தொட்டியில் போட்டு, நாடு முழுக்க எது எத்தனை முறை ஓடியதோ அந்தக் கணக்கில் பங்கு போடுகிறார்கள். அப்பா ஒருமுறைகூடக் கேட்காத புதுப்பாட்டின் கம்பெனிக்கு எங்கள் வீட்டுக் காசு போகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இருந்தாலும் நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேசட் அட்டையில் இடமில்லாமல் விட்டுப்போன பாடலாசிரியர் பெயரை இப்போது ஒரு தொடுதலில் பார்க்க முடிகிறது. அப்பா ஒவ்வொரு பாட்டுக்கும் அதைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறார். ஒலியிலும் குறையே இல்லை.

நண்பனிடம் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நேற்று ராத்திரி 24ஆவது பாட்டும் சாம்பலாகிவிட்டது. ஜானகி பாடிய தாலாட்டு, அம்மா இருந்தபோது எங்களைத் தூங்கவைக்கப் பாடுவது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். பரணில் இருந்த டேப் ரெக்கார்டரை இன்று காலை கடையில் கொடுத்திருக்கிறேன். பெல்ட் மாற்றினால் ஓடும் என்கிறார்கள், 350 ரூபாய். சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.