பாராசிட்டமாலா, ஐபுப்ரோஃபெனா?

இரண்டுமே காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். எதைப் போட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் சுளுக்கிய கணுக்காலைப் பாருங்கள்: பந்து மாதிரி வீங்கி, தொட்டால் சுடும். அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்கு அதில் பெரிய பங்கு. அதை உண்டாக்கும் காக்ஸ் நொதியை ஐபுப்ரோஃபென் அந்த இடத்திலேயே தடுத்துவிடும். பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம்தான் வேலை செய்கிறது. வலி குறையும், வீக்கம் அப்படியே இருக்கும்.

சரி, அப்படியானால் ஐபுப்ரோஃபெனே போதுமே? அங்கேதான் சிக்கல். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெங்கு சந்தேகம் இருக்கும்போதும், கர்ப்பத்தின் பிற்பாதியிலும் ஐபுப்ரோஃபென் ஆகாது. வெறும் காய்ச்சலுக்கு என் ஓட்டு பாராசிட்டமாலுக்கே.

அதற்காக அது சாது என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. கல்லீரல் நோய் இருந்தால் இன்னும் குறைவு. அளவு மீறினால் கல்லீரலில் நாப்கி என்ற நச்சு சேரும். அதை முறிக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு அப்புறம் போடுங்கள்.