ஆன்டிபாடியா, டி செல்லா: கொரோனாவுக்குப் பின் எது நிலைக்கிறது?

கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் முதலில் விசாரிப்பது, கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதமான ஆன்டிபாடியின் அளவைத்தான். ரத்தத்தில் எளிதாக அளந்துவிடலாம் என்பதால் வந்த பெருமை அது. நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்லைச் சோதிக்க, உயிருள்ள செல்களைப் பிரித்தெடுத்து வைரஸின் துணுக்குகளைக் காட்டிப் பார்க்க வேண்டும்; சாதாரண ஆய்வகத்தில் நடக்காத வேலை.

ஆன்டிபாடி வாசற்காவலர். செல்லுக்குள் நுழையும் முன்பே வைரஸைப் பற்றிக்கொள்கிறது. தொற்றையே தடுப்பதில் டி செல் அதனுடன் போட்டியிட முடியாது. ஆனால் உள்ளே புகுந்துவிட்ட வைரஸிடம் ஆன்டிபாடியின் கை எட்டாது. அங்கேதான் சிடி8 வகை டி செல் வருகிறது: தொற்றுக்குள்ளான செல்லை அடையாளம் கண்டு அழிக்கிறது. சிடி4 வகையோ ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்கே துணை நிற்கிறது. ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது கொஞ்சம் அநியாயம்தான்.

ஆயுள் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. ஆன்டிபாடி சில மாதங்களில் சரியத் தொடங்கும். கொரோனாவுக்கு உறவான வைரஸால் வரும் சார்ஸ் நோய் 2003-இல் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை அறிந்த டி செல்கள் இருந்ததை, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் கண்டனர். கொரோனாவின் உருமாறிய வகையான ஒமிக்ரான் வந்தபோது ஆன்டிபாடிகள் பெருமளவு ஏமாந்தன. வைரஸின் பல பகுதிகளையும் கவனிக்கும் டி செல்கள் அவ்வளவாக ஏமாறவில்லை.