அஸ்தம்பட்டிச் சிலம்ப வகுப்பு: கம்புக்கு முன் காலடி

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மாலையில் நடக்கும் இந்த வகுப்பில் முதல் சில வாரம் கம்பே கைக்கு வராது. காலடி வரிசை மட்டும்தான். பிள்ளைகள் முகம் வாடும். பெற்றோர் பொறுக்க வேண்டும். காலடி பழகாமல் கம்பு சுற்றினால் எடை முன்காலிலேயே தங்கிவிடும், திரும்பும்போது சொந்த முழங்காலில் அடி விழும்.

கம்பு நெற்றி உயரம் இருக்கட்டும். பெரியவர்களுக்குச் சுமார் 5½ அடி. தொடக்கத்துக்கு மூங்கிலைவிடப் பிரம்பு நல்லது: வளைந்து கொடுக்கும், சிலாம்பு ஏறாது. ஆசான் அதிகம் திருத்துவது பிடியைத்தான். இறுக்கிப் பிடித்தால் சுழற்சி தோளுக்கு ஏறி, கை சீக்கிரம் சோர்ந்துவிடும். வலக்கையில் எத்தனை சுற்றோ, இடக்கையிலும் அத்தனை. தடுமாறித் தடுமாறி இடக்கை வசப்படும் அந்தப் பொறுமைதான் இங்கே கிடைக்கும் பெரிய பலன்.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. போட்டி ஆசையோடு வருபவர்களையும் ஆசான் அவசரப்படுத்துவதில்லை. மிகவும் பிடித்தது இதுதான்.

குறை, சிமெண்ட் தரை. வெறுங்காலில் குதித்துத் திரும்பினால் குதிகால் வலிக்கும்; மண்தரை கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு கம்பு நீள இடைவெளியும் கிடைப்பதில்லை. வாரநாளில் சேருங்கள்.